நாற்பத்தோராவது மணி

"எப்போது தொடங்கியது?" என்று கேட்டாள்
பா நியா ஷியோங்.
கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், காலில் பனி பூட்ஸ்.
இந்த கிளினிக்குக்கு முன்பதிவு வேண்டாம்,
சலவைக்கடைக்கும் மூடிய வளர்ப்பு மீன் கடைக்கும் நடுவில்
எட்டு மணி வரை விளக்கெரியும்.

நேற்று என்றேன்.
நேற்று போதாது, மணி வேண்டும் என்றாள்.

என் பிழைப்பில் மணி கிடையாது, சாலைதான் உண்டு.
இருபத்திரண்டு குளிர்காலமாய்
வாசா நகரின் மேற்கே பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறேன்.
அதனால் சாலை வழியாகவே பின்னால் போனேன்.

ரிப் மலைச் சரிவில் நன்றாகத்தான் இருந்தேன்.
ரேடியோவில் ஹாக்கி முடிவைக் கேட்டுத் திட்டக்கூடத் தெம்பிருந்தது.
பாலத்தில் உப்பு தீர்ந்தது, கொட்டகைக்குத் திரும்பினேன்.
உப்பு ஏற்றும்போதுதான்
காப்பி தகரமாய் ருசித்தது.
முதுகுக்குப் பின்னால் யாரோ கதவைத் திறந்துவிட்டு
சாத்தாமல் போனதுபோல் ஒரு குளிர்.

உப்பு ஏற்றினால் சீட்டு தருவார்கள்.
சட்டைப்பையில் வியர்வையில் ஊறிக் கிடந்தது அது:
செவ்வாய், அதிகாலை இரண்டு பத்து.

இப்போது புதன், இரவு ஏழு பத்து.
விரல் மடக்கி எண்ணினாள். "நாற்பத்தொன்று."
கடைசி பஸ் இன்னும் கிளம்பவில்லை என்று
சொல்கிற குரல் அது.
நாற்பத்தெட்டுக்குள் தொடங்கினால்தான்
மருந்துக்குப் பிடி கிடைக்குமாம்,
முந்த முந்த நல்லதாம்.

மூக்கில் குச்சியை விட்டதும்
கண்ணீர் தானாக வந்தது.
பதினைந்து நிமிடம் காத்திருந்தேன்.
எதிரில் மல்யுத்தச் சீருடையில் ஒரு பையன்,
தன் வாளியோடு.

"ஃப்ளூதான், ஏ வகை."

மாத்திரை என்ன செய்யும் என்றேன்.
"ஒரு நாள் முன்னதாக எழுப்பலாம்.
எழுப்பாமலும் போகலாம், டெல்மர்.
உங்களுக்கு ஆஸ்துமா இருக்கிறது.
நெஞ்சுக்குள் இறங்க விடக்கூடாது, அதற்குத்தான்."

எனக்கு அது பிடித்தது.
நானும் யாரிடமும் சாலை சரியாகிவிட்டது என்று சொன்னதில்லை.
போகலாம், மெல்லப் போ என்பேன்.

பக்கத்துக் கடையில் மருந்து தீர்ந்திருந்தது.
நான்கு இடங்களுக்குப் போன் போட்டாள்.
ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெட்டி இருந்தது,
ஒன்பதுக்குச் சாத்திவிடுவார்கள்.

வெளியே வந்தேன்.
முழங்காலுக்குச் சற்றுக் கீழே பனி.
யாருமே வழிக்கவில்லை.
யார் வழிப்பார்கள்? அது என் சாலை.
நான் படுத்தால் அதுவும் படுத்துக்கொள்ளும் என்று
இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

கோரி ஸ்ப்ளெவ்ஸ்கியை அழைத்தேன்.
வேலைக்கு வந்து இரண்டு வருஷம்,
திருப்பத்துக்குத் திருப்பம் தபால் பெட்டியை இடிக்கிறவன்,
அதற்காக என்னிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவன்.
"அங்கேயே இருங்க" என்றான். அவ்வளவுதான்.

அவன் லாரியின் ஆரஞ்சு விளக்கு சுழலச் சுழல
பின்னால் ஊர்ந்தேன்.
பல் தந்தியடித்தது, வைப்பர் இழுத்தது,
காய்ச்சலில் விளக்கு இரண்டாய்த் தெரிந்தது.
நடுவில் இருப்பதைப் பிடித்துக்கொண்டேன்.
வழித்த சாலையில் போவது
இவ்வளவு சுகமாக இருக்குமா?
முன்னால் போகிறவனுக்கு இது தெரியவே தெரியாது.

பாலத்தைத் தாண்டியதும் ஒரு தபால் பெட்டி சாய்ந்தது.
பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கடைக்காரப் பெண் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள்.
குனிந்து, பையை நீட்டினாள்.

வண்டிக்குள் உட்கார்ந்து
செவ்வாய்க்கிழமைக் காப்பியின் மிச்சத்தோடு
முதல் மாத்திரையை விழுங்கினேன்.
இன்னும் தகரம்தான்.
சீட்டைப் பிரித்து, இரண்டு பத்துக்குக் கீழே
பேனா உறைந்துபோய் எழுதாமல்,
நகத்தால் கீறினேன்:
எட்டு நாற்பது.

கோரி ஹாரன் அடித்தான்.
வீடு வரைக்கும் வருவானாம்.